கயிறு மாற்றாத பொங்கல்

என்னங்க,

உங்களைத்தான். இந்த வார்த்தைக்குத் திரும்பிப் பார்க்க இப்போது வீட்டில் ஆள் இல்லை. இருந்தாலும் திடீரென்று மழை பிடித்து, சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயும் துணியை எடுக்க ஓடும்போது வாயில் முதலில் வருவது அதுதான். சொல்லிவிட்டு, பிறகு நானே இரண்டு கையாலும் கழியை இழுத்துக்கொள்கிறேன்.

போன வாரம் உங்கள் தலைதிவசம் முடிந்தது. "இனிமே வீட்டுல பண்டிகை வைக்கலாம்மா" என்று குருக்கள் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். கதிரும் மருமகளும் சாப்பிட்டுவிட்டு ஆங் மோ கியோவில் இருக்கும் தங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கீழே சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போன வருஷம் அந்த விளக்கைப் போட்ட வாரத்தில்தான் நீங்கள் போனீர்கள். இந்த வருஷமும் அதே மயில், அதே தாமரை. பல்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

உங்களிடம் சொல்லாமல் பல மாதமாக ஒரு விஷயத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். கதிரிடம் சொன்னால், "அம்மா, அப்படியெல்லாம் யோசிக்காதீங்க லா" என்பான். கோயிலில் அம்மன் முன்னால் நின்று சொல்லலாம் என்று போனேன். போன இடத்தில் வாய் வரவில்லை. அவளுக்கு முன்பே தெரிந்த விஷயத்தை அவளிடம் என்னவென்று சொல்வது? அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

சிவப்பியையும் வெள்ளச்சியையும் பற்றித்தான். உங்கள் மாடுகளைப் பற்றி.

துறைமுக வேலையை விட்ட பிறகு நீங்கள் சும்மா உட்காரவில்லை. ஜொகூரில், கோத்தா திங்கியில் ஆற்றை ஒட்டி ஆறுமுகம் தம்பிக்கு நிலம் இருந்தது. உங்கள் சித்தப்பா மகன்தானே, "வாங்கண்ணே, சேர்ந்து பார்ப்போம்" என்று கூப்பிட்டதும் போய்விட்டீர்கள். இரண்டு மாடு, கொஞ்சம் ஆடு, ஒரு பாத்தி கத்தரி, ஒரு பாத்தி மிளகாய், வரப்போரம் முருங்கை, வாழை. மாதம் இரண்டு தடவை பஸ் ஏறி எல்லைப் பாலம் கடந்து போவீர்கள். திரும்பி வரும்போது சட்டையில் சாணி வாசனை. லிஃப்டில் பக்கத்து வீட்டு சீனப் பாட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நான் அன்றாடக் கணக்கு எழுதும்போது அரிசி, பால், கரண்ட் என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் 'மாடு' என்று ஒரு வரி போடுவேன். "என்னையும் அந்த வரியிலயே சேர்த்துக்க, கதிரம்மா" என்பீர்கள்.

பொங்கலுக்கு மட்டும் நானும் கூட வருவேன். தேக்கா மார்க்கெட்டில் தேங்காய்நார்க் கயிறு வாங்கி, மஞ்சள் தடவி, பையில் போட்டுக்கொண்டு போவோம். எல்லையில், குடிநுழைவுச் சோதனையில் பையைத் திறந்து பார்த்த தமிழ்ப் பையன், "யாரைக் கட்டிப் போடப் போறீங்க அங்கிள்?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? "என்னைக் கட்டிப் போட்டவ பக்கத்துலயே நிக்கிறா, நான் யாரைக் கட்டுறது" என்றீர்கள். வரிசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மாட்டுப் பொங்கலன்று பழைய கழுத்துக்கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புதுசு போடுவீர்கள். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டின கை. மாட்டுக்கும் அதே முடிச்சுதான் போடுவீர்கள். மாடு எவ்வளவு இழுத்தாலும் இறுகும், அவிழாது. ஆனால் தொங்கும் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் மொத்தமும் கழன்று கையோடு வந்துவிடும். "கட்டத் தெரிஞ்சா பாதி வேலைதான், அவுக்கத் தெரியணும்" என்று ஆறுமுகத்துக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தீர்கள். "அதெல்லாம் உங்களுக்குத்தான்ணே வரும்" என்று அவர் தன் பழக்கப்படி இரட்டை முடிச்சாகவே போட்டுக்கொண்டிருந்தார். நான் பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நானும் கற்றுக்கொள்ளவில்லை.

இந்தத் தைக்கு நாங்கள் யாரும் போகவில்லை. நீங்கள் போய் வருஷம் திரும்பாததால் பண்டிகை இல்லை.

ஆனால் நான் இருப்பது தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் அல்லவா? பொங்கலிலிருந்து எங்கே ஓடுவது? கரும்பு வந்து இறங்குகிறது, மஞ்சள் கொத்து வந்து இறங்குகிறது, தெருவில் பந்தல் போட்டு, வேலி கட்டி, பிள்ளைகள் பார்க்கட்டும் என்று மாடு கன்றுகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஒரு சின்னப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மம்மி, வாசம் வருது, ஆனா கண்ணு ரொம்ப அழகா இருக்கு" என்றாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். வேலிக்குள் இருந்த கன்றின் கழுத்தில் புத்தம்புதுக் கயிறு. மஞ்சள்கூட உலரவில்லை.

அதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ஆறுமுகத்தைக் கூப்பிட்டேன். "தம்பி, நமக்குத்தான் பண்டிகை இல்ல. மாட்டுக்குக் கயிறு மட்டுமாவது மாத்திடலாமா? பழசு நைஞ்சு போயிருக்கும்ல?"

"நைஞ்சுதான் போயிருக்கு அண்ணி. ஆனா அண்ணன் போயி வருஷம் திரும்பல. அவரு கையால மாத்தின கயிறு, அது இருக்கட்டும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எனக்கு வருத்தம்தான். வாயில்லாத ஜீவனுக்கு ஏன் நம் துக்கம் என்று நினைத்தேன். ஆனாலும் அவர் சொன்னதிலும் ஒரு மரியாதை இருந்தது. சரி என்று வைத்துவிட்டேன்.

பங்குனியில் மழை வந்தது. அது மழைக்காலமே இல்லை. இங்கே நமக்கு என்ன தெரியும்? கால்வாயில் தண்ணீர் வேகமாகப் போகும், சாலையோரம் கொஞ்சம் தேங்கும், பஸ் தாமதமாகும், அவ்வளவுதான். எனக்கு முதலில் தெரிந்தது மார்க்கெட்டில். வெண்டைக்காய் விலையைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன்.

"என்னம்மா இது, வெண்டைக்காயா வெள்ளிக்காயா?"

"நான் என்ன அக்கா செய்ய? ஜொகூர்ல வெள்ளம்லா. லாரி பாதி வழியில நிக்குது. இருக்கறதையும் பாருங்க, எல்லாம் தண்ணி குடிச்ச காய், நாளைக்கே கொழகொழன்னு போயிரும். வேணாம், நீங்க வாங்காதீங்க, நம்ம அக்காங்கறதால சொல்றேன்." காய்க்காரிக்குத் தன் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொல்லும் நல்ல மனசு.

நான் காய் வாங்கவில்லை. மார்க்கெட்டிலேயே நின்று ஆறுமுகத்தைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மதியம் அவரே கூப்பிட்டார். பின்னால் ஒரே இரைச்சல்.

"அண்ணி, பஞ்சிர் வந்துருச்சு." அங்கே வெள்ளத்தை அப்படித்தான் மலாயில் சொல்கிறார்கள். "நான் டவுன்ல மாட்டிக்கிட்டேன். மாமியார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தேன், அதுக்குள்ள ரோட்ட மூடிட்டாங்க. ஆறு கரை மேல ஏறிருச்சாம். அண்ணி... மாடு கட்டிக் கிடக்கு."

மாடு கட்டிக் கிடக்கு. இந்த மூன்று சொல்லைக் கேட்ட பிறகு அவர் பேசினது எதுவும் காதில் ஏறவில்லை.

நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். பத்தாவது மாடியில் நிற்கிறேன். கீழே தெரு காய்ந்திருக்கிறது, மனிதர்கள் டீ குடிக்கிறார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம், இதே மதியத்தில், இரண்டு மாடு கழுத்தில் கயிற்றோடு தண்ணீரில் நிற்கிறது. கதிரைக் கூப்பிட்டேன். மீட்டிங்கில் இருந்தான். "அம்மா, அங்க போலீஸ் எல்லாம் இருப்பாங்க, ஒண்ணும் ஆகாது. நான் ஈவ்னிங் கால் பண்றேன்." விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். எந்தப் பாட்டும் வரவில்லை. தினமும் சொல்கிற பதிகம்கூட மறந்துபோய்விட்டது. வந்தது ஒன்றுதான். தாயே, அந்தக் கயிற்றை அறுத்துவிடு. அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். சாமியிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன், ஒன்றை அறுத்துவிடு என்று கேட்டது அன்றுதான்.

மறுநாள் தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் ஆறுமுகம் யாருடைய படகிலோ போயிருக்கிறார். தூரத்திலிருந்து கொட்டகைக் கூரை மட்டும் தெரிந்ததாம், கிட்டே போனால் இடுப்பளவுத் தண்ணீர். ஆட்டுப்பட்டி உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோழி ஒன்றும் இல்லை. தண்ணீருக்குள் துழாவினால் மாடு கட்டும் முளைக்குச்சி இரண்டும் இருந்தன. குச்சியில் கயிற்றுத் துண்டு மட்டும். மாடுகளை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் நினைத்தாராம். பிறகு பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து மேட்டிலிருந்து ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே மரத்தடியில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கழுத்தில் அறுந்த கயிறு, நார் நாராகப் பிரிந்து தொங்குகிறது. நீந்திப் போயிருக்கின்றன.

போனில் இதைச் சொல்லும்போது அவர் அழுதார். நானும் அழுதேன். அழுதுகொண்டே எனக்கு ஒன்று உறைத்தது. உடனே அழுகை நின்றுவிட்டது.

அது நைந்த கயிறு. மாற்றாத கயிறு.

சாலை திறந்ததும் போனேன். கதிர் வேண்டாம் என்றான், தனியாகத்தான் போனேன். பஸ்ஸில் உங்கள் இடத்தில், சன்னலோரம், பையை வைத்தேன்.

வெள்ளம் வந்த இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தண்ணீர் இருக்கும்போது எடுத்த படங்களைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். தண்ணீர் போன பிறகுதான் அது என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறது என்று தெரிகிறது. எல்லாம் ஒரே நிறம். இலை, வேலி, ஏணி, ஆறுமுகத்தின் மோட்டார்சைக்கிள், எல்லாவற்றின் மேலும் சேற்றுப் பூச்சு. உங்கள் கத்தரிச் செடிகள் தண்ணீரில் நின்ற நாளெல்லாம் பச்சையாகத்தான் இருந்ததாம். தண்ணீர் வடிந்து, நல்ல வெயில் அடித்த அன்று காலை பார்த்தால் தலை தொங்கிவிட்டது. ஒன்றைப் பிடுங்கினேன். வேர் கறுப்பாக, கையில் வழவழவென்று வந்தது. மிளகாயும் அப்படியே. முருங்கை நின்றுகொண்டிருந்தது, ஆனால் இலை உதிர ஆரம்பித்துவிட்டது. "இது இப்ப சாகாது அண்ணி, நமக்கு நம்பிக்கை காட்டிட்டு அடுத்த மாசம்தான் சாகும்" என்றார் ஆறுமுகம். அப்படியேதான் நடந்தது. வாழை பாதி சாய்ந்திருந்தது. ஓரத்துப் பள்ளத்தில், தண்ணீரிலேயே வளரும் கங்கோங் கீரை மட்டும் கல்யாண வீடு மாதிரி கொழுகொழுவென்று படர்ந்திருந்தது. எனக்குக் கோபமாகக்கூட வந்தது.

புல்லிருக்கிறதே, அதுதான் பெரிய துரோகம். பார்க்கப் பச்சையாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தாளிலும் சேறு. சிவப்பி முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வைக்கோல் எல்லாம் ஊறிப் பூசணம் பூத்துவிட்டது. சுற்றிலும் பச்சை, நடுவில் பசியோடு மாடு. நாள் கணக்கில் ஈரத்தில் நின்று குளம்பு வெந்துபோயிருந்தது. மடி வீங்கி, தொட்டால் உதைத்தாள். என்னை உதைத்ததே இல்லை.

அப்போதுதான் ராஜகுமாரி வந்தாள். பக்கத்து நிலத்துப் பெண். நீங்கள் அவள் கல்யாணத்துக்கு மொய் எழுதினீர்கள், நான் வர முடியவில்லை. அவளை எனக்கு முன்பின் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க மாடு ரெண்டும் எப்படிக்கா தப்பிச்சிச்சு?"

"கயிறு அறுந்துருச்சும்மா."

"எங்களுது அறுந்து போகலையேக்கா." குரலில் சண்டை இல்லை. கணக்குப் பாடம் புரியாத பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள். "பொங்கலுக்குத்தான் மாத்தினோம். எங்க வீட்டுக்காரரு நல்ல கயிறாப் பாத்துப் பாத்து வாங்கினாரு. அவரு பேக்டரிக்குப் போயிட்டாரு, நான் மட்டும்தான் இருந்தேன். கன்னுக்குட்டியக் கட்டல, அத மேட்டுல ஏத்திட்டு ஓடியாந்தேன். நெஞ்சு வரைக்கும் தண்ணி. முடிச்ச அவுக்கறேன், அவுக்கறேன், வரவே மாட்டேங்குது. நார்க்கயிறு நனைஞ்சா ஊறிக் கல்லு மாதிரி ஆயிருதுக்கா. கத்தி எடுக்க வீட்டுக்கு ஓடினேன். வந்து பாத்தா..."

அவள் கையைப் பார்த்தேன். நகமெல்லாம் பிய்ந்து, நுனி கறுத்திருந்தது.

"நீங்க மட்டும் எங்கக்கா கயிறு வாங்கினீங்க? எந்தக் கடை?"

நீங்கள் இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பீர்கள். எனக்குப் பொய் சரளமாக வராது.

"நாங்க மாத்தலம்மா," என்றேன்.

"ஏன்?"

"இந்த வருஷம் எங்க வீட்டுல பொங்கல் இல்லம்மா."

அவள் என் நெற்றியைப் பார்த்தாள். திருநீறு மட்டும்தான் இருந்தது. பிறகு கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு, வேலிக்கு மேலாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச என்ன இருக்கிறது? அவள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருந்தார்கள், சந்தோஷமாகப் பொங்கல் வைத்தார்கள், மாட்டுக்குப் புதுக்கயிறு போட்டார்கள். என் வீட்டில் நீங்கள் செத்துப்போனீர்கள்.

இதுதான் பங்குனியிலிருந்து நான் தூக்கிக்கொண்டு அலைந்தது. உங்களைக் கொடுத்துவிட்டா நான் அந்த மாடுகளை வாங்கினேன்? யாரும் என்னிடம் கேட்கவில்லையே. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? வெள்ளம் வந்த மதியம், கயிற்றை அறுத்துவிடு என்று நான் வேண்டிக்கொண்டபோது, அம்மன் அதற்கான ஏற்பாட்டை ஐப்பசியிலேயே செய்துவிட்டாளா? இதை யோசிக்கக்கூடாது என்று தெரிகிறது. பாத்திரம் கழுவும்போது வந்துவிடுகிறது.

வெள்ளச்சி பிழைக்கவில்லைங்க. உங்களுக்கு இதைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். தண்ணீரிலிருந்து தப்பினவள், தண்ணீர் போன பிறகு போனாள். சளி பிடித்து, மூச்சு இரைத்து, தீனி எடுக்காமல் படுத்துவிட்டாள். மாட்டு டாக்டர் ஊசி போட்டார். நான் தேக்காவில் இருக்கும்போது ஆறுமுகத்திடமிருந்து செய்தி வந்தது. வரிசையில் நின்று தயிர் வாங்கிக்கொண்டிருந்தேன். வாங்கிக்கொண்டு வந்து, கணக்கில் எழுதி, அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

சிவப்பி மட்டும்தான் மிச்சம். பால் வற்றிவிட்டது. ஆனால் தேறிவிட்டாள், குளம்பும் ஆறிவிட்டது. "ஆனா ஒத்தை மாடு நிக்க மாட்டேங்குது அண்ணி. மேட்டைப் பாத்துப் பாத்துக் கத்துது. அன்னைக்கு ரெண்டும் நின்ன எடம்ல. யாவாரி ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. மழைக்காலம் வர்றதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. வைக்கிறதா இருந்தா நான் கொட்டகைய மேட்டுக்கு மாத்தணும். இல்லைன்னா எதுக்கு?"

யாவாரி யார், எதற்குக் கேட்கிறார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கதிர் தலைதிவசத்துச் சாப்பாட்டிலேயே பேச்சை எடுத்தான். "அம்மா, குடுத்துருங்க. அது அப்பாவோட ஹாபி. ரிடையர் ஆனவங்க சிலரு மீன் வளப்பாங்க, அப்பா மாடு வளத்தாரு. நீங்க இந்த வயசுல பாஸ்போர்ட்டத் தூக்கிட்டு பஸ்ல அலையணுமா?"

"ஹாபியாடா? உங்கப்பா இருந்திருந்தா இப்படிச் சொல்லுவியா?"

"அப்பா இருந்தா நான் ஏன் சொல்றேன்? அப்பா இருந்தா நீங்க தனியாப் போக மாட்டீங்கல்ல?" அதைச் சொல்லிவிட்டுப் பாயசத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தான். உங்கள் பிள்ளைக்கு வருத்தத்தை மறைக்கத் தெரியாது. உங்களை மாதிரியேதான். "எங்க வீட்டுக்கு வந்து எங்ககூட இருங்கன்னா அதுக்கும் மாட்டேங்கறீங்க. நான் என்னதான் பண்றது?"

அவன் மேல் தப்பில்லை. அவனுக்கு ஒரே ஒரு அம்மா, ஒரே ஒரு மாடு, இரண்டும் வெவ்வேறு திசையில். யோசிக்கிறேன் என்று சொன்னேன்.

அவர்கள் போன பிறகு துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வந்தேன். தாழ்வாரக் கம்பியோடு துளசித் தொட்டியை நீங்கள் கட்டிவைத்தீர்கள் அல்லவா, காற்றில் சாய்ந்துவிடக் கூடாதென்று? அந்தக் கட்டு அப்படியே இருக்கிறது. தாழ்வாரம் கழுவும்போதுகூட நான் தொட்டியை நகர்த்துவதில்லை, சுற்றிக் கழுவுவேன். டவுன் கவுன்சில் ஆள் வந்து தொட்டியை உள்ளே வைக்கச் சொன்னபோதுகூட ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். உங்கள் கை கடைசியாகப் போட்ட முடிச்சு அது. சிவப்பியின் கழுத்தில் இருந்தது அறுந்துவிட்டது. இது ஒன்றுதான் மிச்சம்.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, இத்தனை மாதமாக நான் பாதிதான் யோசித்திருக்கிறேன் என்று பட்டது. நீங்கள் இல்லாததால் கயிறு மாற்றவில்லை, அதனால் அறுந்தது. சரி. நீங்கள் இருந்திருந்தால்? புதுக்கயிறு போட்டிருப்பீர்கள், நல்ல கனத்த கயிறு. அது அறுந்திருக்காது. ஆனால் உங்கள் முடிச்சைப் போட்டிருப்பீர்கள், பக்கத்து நிலத்தாருக்கும் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். வெள்ளம் வந்த மதியம் ராஜகுமாரி அங்கே இருந்தாள். நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு, நகம் பிய்யப் பிய்ய, அவிழாத முடிச்சோடு போராடினாள். அவளுக்கு மட்டும் அந்த நுனி கையில் கிடைத்திருந்தால்? அவள் மாடு, நம் மாடு எல்லாவற்றையும் இழுத்துவிட்டிருப்பாள். ஒரே இழுப்பு.

அப்படியென்றால் சிவப்பி பிழைக்க நீங்கள் சாக வேண்டிய அவசியமே இல்லைங்க. இதை நினைத்ததும் எனக்கு ஆறுதலாக இருந்தது. உடனே அதைவிட அதிகமாக வலித்தது. இரண்டும் எப்படி ஒன்றாக வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

முடிச்சைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் அதை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். வேறு வழி இல்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு நாள் காலை, கோலம் போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து, நுனியைப் பிடித்து இழுத்தேன்.

ஒரே இழுப்பு. அவ்வளவுதான். சத்தம்கூட இல்லை. இவ்வளவு லேசாகவா கட்டியிருந்தீர்கள்? தொட்டி அசையாமல் நின்றது. கயிறு என் மடியில் கிடந்தது.

ஆனால் கயிறு மறக்கவில்லை. எங்கெங்கே வளைந்திருந்ததோ அந்த வளைவுகள் அப்படியே நின்றன. இங்கே மடிந்திருக்கிறது, இங்கே சுற்றியிருக்கிறது, இந்த இடம் வெயில் படாமல் வெளுக்காமல் இருக்கிறது, அப்படியென்றால் இது உள்ளே இருந்த பக்கம். அதன் வழியே விரலைக் கொண்டுபோனேன். வரவில்லை. மறுபடி. இழுத்தால் மொத்தமாக வந்துவிட்டது, இல்லாவிட்டால் இறுகிக் கட்டிக்கொண்டது. சீனப் பாட்டி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடி. வெயில் தாழ்வாரத்துக்குள் வந்த பிறகு ஒன்று நின்றது. தொட்டியைப் பிடித்து ஆட்டினேன், இறுகியது. நுனியை இழுத்தேன், கழன்றது. மறுபடி கட்டினேன்.

உங்கள் கட்டு மாதிரி அழகாக இல்லை. கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது.

உள்ளே வந்து ஆறுமுகத்தைக் கூப்பிட்டேன். "தம்பி, கொட்டகைய மேட்டுக்கு மாத்துங்க. யாவாரிய வரச் சொல்லாதீங்க."

"ஒத்தை மாட்டை வச்சுக்கிட்டா அண்ணி?"

"ராஜகுமாரியோட கன்னுக்குட்டி தனியாத்தானே நிக்குது? அதையும் மேட்டுலயே கட்டச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கட்டும். ஆட்டுப்பட்டி திரும்பப் போட்டா தாழை வெளிப்பக்கம் வைங்க. வேலியில போற யாரும் திறக்கற மாதிரி. புதுக்கயிறு நான் வாங்கிட்டு வரேன்."

"அண்ணன் மாதிரியே பேசறீங்க" என்றார். அப்படியெல்லாம் இல்லை. நீங்கள் பேசினதையே நான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வேறு யாரும் சொல்ல இல்லாததால்.

கதிரிடமும் சொல்லிவிட்டேன். பெருமூச்சு விட்டான். "எந்தத் தேதின்னு முன்னாடியே சொல்லுங்கம்மா, லீவ் கிடைக்குதான்னு பாக்கறேன். ப்ராமிஸ் இல்ல லா." கிடைக்காது என்று தெரியும். கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் பையைச் சன்னலோரம் வைத்துக்கொண்டு நானே போய்விடுவேன். குடிநுழைவில் கயிற்றைப் பார்த்து யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பதிலை நான் சொல்ல முடியாதே.

வருகிற தையில் சிவப்பிக்குப் புதுக்கயிறு போடுவேன். கன்றுக்கும் போடுவேன். என் கையால், உங்கள் முடிச்சு. ராஜகுமாரிக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுப்பேன், ஆறுமுகம் மாட்டேன் என்றாலும் விடமாட்டேன். நுனி எப்போதும் வெளியே தொங்கும், தண்ணீருக்கு மேலே, யார் கைக்கும் எட்டுகிற மாதிரி. இதை உங்களுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன்.

மழை தூறுகிறது. துணி வெளியே கிடக்கிறது. போகிறேங்க.

உங்களைத் தவிர யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டிராத,
உங்கள் கதிரம்மா